பாவுக்கு அடியில் நின்ற பிள்ளை

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவும் செல்போனுமாகத் தெருத்தெருவாகச் சுற்றும் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல பிள்ளைகள். போன மாதம் அவர்களில் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலர் போடுகிறோம், நீங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும் என்றார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: தினசரிப் பயிற்சியால் கண்ணை வளர்ப்பது எப்படி. "அங்கிள், நீங்க டெய்லி காலையில பிராக்டிஸ் பண்ணுவீங்களாமே, அதப் பத்தி எழுதுங்க" என்றாள் அவர்களில் மூத்த பெண். யாரம்மா சொன்னது என்றேன். "ஊரே சொல்லுது அங்கிள்" என்றாள்.

ஊர் வேறு என்ன சொல்லிற்று என்று நான் கேட்கவில்லை. தினமும் பழகினால் கண் வளருமா என்றால், வளரும். அதில் சந்தேகமே வேண்டாம். எனக்கு வளர்ந்தது. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால்தான் என்னிடம் பதில் இல்லை. எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில்தான் என் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு சேர்ந்தவன். பாதிக் காலம் டார்க் ரூமுக்குள்ளேயே போயிற்று. பிலிம் கழுவினேன், பிரிண்ட் காயவைத்தேன், கல்யாணப் பெண்களின் பருக்களை நெகடிவில் பென்சிலால் மறைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டுக்குள் இருந்தவனுக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி காலமானார். அவர் மகன் சென்னையிலிருந்து வந்து கடையை ஏற்றுக்கொண்டார். எங்களுக்கு அவர் சின்னவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். சென்னையில் விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்து, அங்கே ஒருவரோடும் ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவர். சத்தம் போட மாட்டார். வாங்கோ, போங்கோ என்று மரியாதை குறையாமல் பேசியே மானத்தை வாங்கிவிடுவார். வந்த வாரத்திலேயே என்னை டார்க் ரூமிலிருந்து வெளியே இழுத்தார். "வேதாசலம், நீங்க கழுவின படத்தையெல்லாம் பாத்தேன். கழுவத் தெரிஞ்சிருக்கு. பாக்கத் தெரியுமா?" என்றார்.

பார்க்கக் கற்றுக்கொடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் கடை திறக்கும் முன்னால் ஒரு கேமராவை என் கையில் கொடுப்பார். உள்ளே பிலிம் இருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு நான் தெருக்களைச் சுற்றி வர வேண்டும். ஒரே ஒரு தடவை மட்டும் கிளிக் செய்யலாம். செய்வதானால் பிலிம் இருப்பதாகவே நினைத்துச் செய்ய வேண்டும். வெளிச்சம் பார்க்க வேண்டும், ஃபோகஸ் பிடிக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். திரும்பி வந்து, அந்தப் படத்தை அவரிடம் வாயால் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு காபி குடித்தபடி கேட்பார். "வெளிச்சம் எங்கேர்ந்து வர்றது?" "இடது கைப்பக்கம் சார்." "காய்கறிக்காரக் கிழவர் எங்கே பாக்கறார்?" "கீழ சார், தக்காளிய." "ஓரத்துல ஒரு சைக்கிள் சக்கரம் பாதியா வெட்டுப்பட்டிருக்குமே, அதை ஏன் சொல்லலை?" உண்மையிலேயே இருந்திருக்கும். அவர் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. ஆனால் நான் சொல்லாமல் விடுவது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான்: "எதை விட்டேள்?" பதில் சொல்லி முடித்ததும், "பிலிமுக்குப் பிரயோஜனமில்லை" என்று தம்ளரைக் கீழே வைப்பார். மாதக் கணக்கில் இதே தீர்ப்புதான்.

கூட வேலை பார்த்தவர்கள் என்னைப் படாதபாடு படுத்தினார்கள். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். காலி டப்பாவைத் தூக்கிக்கினு கோயிலச் சுத்தறாரு பாரு" என்பார்கள். சின்னவர் கல்லில் நார் உரிக்கிறவர், பிலிம் மிச்சம் பிடிக்கவே இந்த ஏற்பாடு என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வருஷம் போனதும் எனக்கே தெரிந்தது. பூக்காரி முழம் போடும்போது முழங்கையில் விழும் வெயில், டீக்கடைப் பாய்லருக்குப் பின்னால் நிற்பவரின் நெற்றி என்று எல்லாம் தானாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பானேன்?

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தார். கேமராவில் பிலிம் இல்லை என்று தெருவில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. தெரிந்துவிட்டால் ஜனங்கள் விளையாட்டுக்குப் பல்லைக் காட்டுவார்கள், நமக்கும் அக்கறை போய்விடும் என்பது அவர் கணக்கு. ஆகவே தெருக்காரர்கள் எல்லோரும் நான் தினமும் தங்களைப் படம் பிடித்துக்கொண்டு போவதாகவே நம்பினார்கள். என்னைக் கண்டதும் தலையைத் தடவிச் சரிசெய்துகொள்வார்கள். "படம் வந்துச்சாண்ணா?" என்று கேட்கிறவர்களிடம், "வரும், வரும்" என்று சொல்லி நழுவிவிடுவேன்.

கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளி. அவர் மனைவி கற்பகம். அந்தத் தெருவில் காலை வேளைகளில் பாவு நீட்டுவார்கள். சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரித்துக் காயவைக்கிற வேலை. வெயில் ஏறும் முன்னால் முடித்தாக வேண்டும். ஒரு நாள் அரக்குச் சிவப்பில் பாவு நீட்டியிருந்தார்கள். இவர்கள் மகன் தணிகைவேல், எல்லோருக்கும் தணிகா, நாலு வயசுக்காரன், அதற்கு அடியில் நுழைந்து நின்றான். ஆண் பிள்ளைதான், ஆனால் தலைமுடியைப் பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. பட்டு இழைகளின் வழியாக வெயில் இறங்கி, பிள்ளை மேலெல்லாம் சிவப்பாக விழுந்தது. நான் கிளிக் செய்தேன்.

கஞ்சிக் கையோடு கற்பகம் ஓடி வந்தாள். "அய்யய்யோ, எடுக்காதண்ணா! முடி எறக்காத புள்ளைண்ணா!"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. முதல் முடியைத் திருத்தணியில் இறக்கிக் காது குத்தும் வரைக்கும் பிள்ளையைப் படம் பிடிக்க மாட்டார்கள். ஒற்றைப்படை வயதில்தான் முடி இறக்குவார்கள். மூன்றாவது வயதில் பங்காளி வீட்டில் சாவு விழுந்து நின்றுபோனது. ஐந்தாவது வயதுக்காகக் காத்திருந்தார்கள். கற்பகத்தின் முகம் போன போக்கைப் பார்த்ததும் சின்னவரின் கட்டுப்பாடெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "பயப்படாதம்மா, இதுல பிலிமே இல்ல. சும்மா பழக்கத்துக்குத்தான்" என்றேன்.

"போண்ணா, பொய் சொல்லிக்கினு" என்று சிரித்தாள். நம்பவில்லை. முந்தானையால் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அந்தப் படத்தைச் சின்னவரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் கண்ணைத் திறந்தார். "நாளைக்குப் பிலிம் போட்டு எடுத்துண்டு போங்கோ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டு வழக்கம் தெரிந்தும், முதுகுப் பக்கமாக நிற்கவைத்தாவது எடுத்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. மறுநாள் மேகம் மூடியிருந்தது, தெருவில் பாவும் இல்லை. அடுத்து வைகாசித் திருவிழாக் கூட்டம் வந்துவிட்டது, ஸ்டுடியோவில் மூச்சுவிட நேரமில்லை.

கருட சேவை அன்று கூட்டத்தில் தணிகா காணாமல் போனான். தோளில் வைத்திருந்த பிள்ளையை ஏகாம்பரம் கீழே இறக்கிவிட்டு, அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவ்வளவு நேரம்தான். தேடாத இடமில்லை. கோயில், குளம், பஸ் ஸ்டாண்டு, ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணல் என்று தெருவே கிளம்பித் தேடியது. போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே, "போட்டோ இருக்குதா?" என்பதுதான்.

கற்பகம் நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். வயிற்றில் அப்போது அடுத்த பிள்ளை. பின்னால் ஏகாம்பரம். "அண்ணா, அன்னிக்கு எடுத்தியே, பாவுக்கு அடியில நிக்கும்போது. அதக் குடுண்ணா" என்றாள்.

"அதுல பிலிம் இல்லம்மா. அன்னிக்கே சொன்னேனே."

"நான் திட்டுவேன்னுதானே அப்படிச் சொன்ன? இப்பத் திட்ட மாட்டேண்ணா. பொய்தான் சொன்னேன்னு சொல்லு. சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சின்னவர் எழுந்து வந்து, அந்தக் கேமராவை எடுத்து, முதுகைத் திறந்து அவளிடம் காட்டினார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். விரலை விட்டுத் தடவிக்கூடப் பார்த்தாள். "இது வேற பொட்டி" என்றாள்.

பிறகு சின்னவர் அந்த மாதம் கழுவிய நெகடிவ் அத்தனையையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். அதில் தணிகா இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் இல்லை என்று அவளே பார்த்தால்தான் மனசு ஆறும் என்று நினைத்திருப்பார். கற்பகம் ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெகடிவில் எல்லோருக்கும் முகம் கறுப்பு, முடி வெள்ளை. மாப்பிள்ளை, பெண், மொட்டைத் தலை, அறுபதாம் கல்யாணம் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். பொழுது சாய்ந்து வெளிச்சம் போகும் வரை பார்த்துவிட்டு, "நாளைக்கு மிச்சத்தப் பாக்கறேண்ணா" என்று கிளம்பினாள். மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். தினமும் பார்க்கிறவராச்சே, அடையாளம் சொல்லுங்கள் என்றார் எழுத்தர். சட்டையில் மேல் பொத்தான் இல்லாததைச் சொன்னேன். ரிப்பன் எந்தப் பக்கம் தொங்கிற்று, கால் எப்படி வைத்திருந்தான், நிழல் எங்கே விழுந்தது என்பதையெல்லாம் சொன்னேன். "மூஞ்சி எப்படிய்யா இருக்கும்?" என்றார். "சிவப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அது பாவின் நிறம். பிள்ளையின் நிறம் எனக்குத் தெரியவில்லை. வருஷக் கணக்காகப் பழகிய கண் அது.

மாதங்கள் போயின. கற்பகத்துக்கு மறுபடியும் ஆண் பிள்ளை பிறந்தது. சரவணன் என்று பெயர் வைத்தார்கள். வளர வளர, அப்படியே அண்ணனை உரித்து வைத்திருக்கிறான் என்றார்கள் தெருவில். மூன்றாவது வயதில் முடி இறக்கியிருக்கலாம். கற்பகம் இறக்கவில்லை. காரணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவனுக்கு நாலு வயசு ஆனபோது, ஒரு காலையில் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னாள். தெருவில் பாவு நீட்டியிருந்தது. அதே அரக்குச் சிவப்பு. சரவணன் முடியைப் பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிலிம் போட்டுக்கினு வந்தியாண்ணா?" என்றாள்.

ஏகாம்பரம் பாவை விட்டு நகராமல், என்னையும் பார்க்காமல் சொன்னார்: "வேணாங்கண்ணா. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்குறா. இருக்கிற புள்ளைய இல்லாத புள்ளைன்னு சொல்லி ஊரெல்லாம் ஒட்டப் போறாளாம்."

"எம்புள்ளை மூஞ்சி யாருக்கும் தெரியலியே! இவன் மூஞ்சிதானே அவன் மூஞ்சி? எங்கியாச்சும் ஒருத்தர் கண்ணுல படட்டும்யா" என்று கற்பகம் கத்தினாள்.

எடுத்தேன். முகம் இருட்டிவிடாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, வெளிச்சத்தை மேலே திருப்பினேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பிள்ளையின் கண்ணில் இருந்த மிரட்சிகூட விழுந்திருந்தது. பிரிண்ட்டைச் சின்னவரிடம் கொண்டுபோய் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எதை விட்டேள்?" என்றார், பழைய வழக்கத்தில். நான் பிரிண்ட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். அவரும் வற்புறுத்தாமல் எழுந்து போய்விட்டார்.

'காணவில்லை' என்று சுவரொட்டி அடித்தார்கள். அவர்கள் வீட்டில் போன் இல்லாததால் ஸ்டுடியோ நம்பரைப் போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒட்டினோம். நானும்தான் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்டுடியோ போன் அடித்தது. ஐயம்பேட்டையிலிருந்து ஒரு டீக்கடைக்காரர், பூத்திலிருந்து பேசினார். "சார், போஸ்டர்ல இருக்கிற புள்ளை இங்க இருக்கான் சார்! அப்படியே இருக்கான், ரிப்பன்கூட அப்படியே. ஒரு பொம்பள இட்டுக்கினு போச்சு. மடக்கிப் புடிச்சு வெச்சிருக்கோம், சீக்கிரம் வாங்க!"

நான் ஓடினேன். கற்பகம் செருப்புகூடப் போடாமல் வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏகாம்பரம் பட்டு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "சரவணனும் அங்கதாண்ணா இருக்கான். நேத்துதான் அத்தக்காரி ஐயம்பேட்டைக்கு இட்டுக்கினு போனா. ரெண்டு பேரையும் ஒண்ணா இட்டுக்கினு வந்துடலாம்" என்றாள். ஆமாம்மா, ஆமாம்மா என்றேன். தணிகாவுக்கு இந்நேரம் எட்டு வயசு தாண்டியிருக்க வேண்டுமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு எண்ணத் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

டீக்கடை வாசலில் பெரிய கூட்டம். நடுவில் தரையில் ஏகாம்பரத்தின் தங்கை உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக் கை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்திருக்கிறார்கள். பெஞ்சு மேல் நிறுத்தியிருந்த சரவணன் கற்பகத்தைப் பார்த்ததும், "அம்மா!" என்று வீறிட்டுக்கொண்டு அவள் மேல் தாவினான்.

"பாருய்யா, புள்ளை தாயைக் கண்டுக்கிச்சு!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைக் குலுக்கினார். நல்ல மனுஷர். அவரிடம் எப்படிச் சொல்வது?

கற்பகம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். "இவன் சரவணன். தணிகா எங்க?" என்று கேட்டாள். யாருக்கும் புரியவில்லை. "அண்ணா, தணிகா எங்கண்ணா?" என்று என்னைப் பார்த்துத் திரும்பவும் கேட்டாள். நாத்தனார்தான் எழுந்து வந்து, அடிபட்ட வாயோடு, "வா அண்ணி, ஊட்டுக்குப் போலாம்" என்று அணைத்துக் கூட்டிப்போனாள்.

சுவரொட்டிகளை நானே போய்ச் சுரண்டினேன். சரவணனுக்கு ஐந்தாவது வயது பிறந்ததும் திருத்தணியில் முடி இறக்கினார்கள். அதற்குப் பிறகு நான் காலை நடையை விட்டுவிட்டேன். சின்னவர் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு டிஜிட்டல் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் கிளிக் செய்தோம். எதையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது எனக்கு வசதியாகவே இருந்தது. கண்ணில் புரை விழுந்ததும் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

நின்ற வருஷம், என் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் தறியில் இருந்தார். சுவரில் சரவணனை நான் எடுத்த படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கற்பகம் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் படத்தைப் பார்ப்பதைக் கவனித்து அருகில் வந்து நின்றாள். "மால போடச் சொல்றாங்கண்ணா சொந்தக்காரங்க. எங்கியோ உசுரோட இருக்கிற புள்ளைக்கு மால போடுவாங்களா?" என்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நல்லவேளைண்ணா. அன்னிக்கு நான் கத்தினதக் கேட்டு பிலிம் இல்லன்னு பொய் சொன்ன பாரு. நெஜமாவே எடுக்காம போயிருந்தா, எம்புள்ளை மூஞ்சிய நான் எதுல பாத்திருப்பேன்?"

தறிச் சத்தம் நின்றது. ஏகாம்பரம் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தப் பிள்ளைகள் கேட்டார்களே என்று இதை எழுத உட்கார்ந்தபோது, அந்தக் காலையை ஒருமுறை முழுசாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பாவு வருகிறது, வெயில் வருகிறது, பொத்தான் இல்லாத சட்டை வருகிறது. கழுத்துக்கு மேலே சரவணன்தான் வருகிறான்.